குழந்தையின் பொட்டாசியம் இறங்க மறுக்கும்போது

ஒன்றரை வயதுக் குழந்தை ஒன்றை மனதில் வைத்துக்கொள்வோம். உயரமும் எடையும் வயதுக்குக் கொஞ்சம் குறைவாக இருக்கிறதே என்று டாக்டர் ரத்தப் பரிசோதனை எழுதித் தருகிறார். ரிப்போர்ட் வருகிறது. சிறுநீரகத்தின் வேலையைக் காட்டும் கிரியேட்டினின் 0.3, சோடியம் 138, இரண்டும் இயல்பு. பொட்டாசியம் மட்டும் கூடுதலாக, 6.3. அன்று மாலையே திரும்ப எடுத்தால் 6.1. ஈசிஜியில் கோளாறு எதுவும் தெரியவில்லை. இரண்டு வாரம் கழித்துப் பார்த்தால் 6.2. குழந்தை வீடெல்லாம் ஓடி விளையாடுகிறது, பெற்றோருக்குத்தான் தூக்கம் போய்விட்டது. "வாழைப்பழம் கொடுத்ததுதான் தப்பா டாக்டர்?" என்று கேட்கிறார்கள்.

வாழைப்பழத்தின் மேல் பழி போட முடியாது. நன்றாக வேலை செய்யும் சிறுநீரகம், சாப்பாட்டில் வரும் பொட்டாசியத்தைச் சிரமமில்லாமல் வெளியே தள்ளிவிடும். வாரக்கணக்கில் அளவு இறங்காமல் நிற்கிறது என்றால், வெளியே தள்ளும் வழியில் எங்கோ அடைப்பு இருக்கிறது. அந்த அடைப்பு எங்கே என்பதை எப்படிப் படிப்படியாகத் தேடுகிறார்கள் என்று சொல்வதுதான் இந்தக் கட்டுரை. இதைத் தேடுவது ஏன் அவசியம் என்றால், இதே 6.3 என்ற எண்ணுக்கு ஒரு குழந்தைக்கு உப்பைக் கூட்டிக் கொடுக்க வேண்டியிருக்கும், இன்னொரு குழந்தைக்கு உப்பைக் குறைக்க வேண்டியிருக்கும். எண்ணை மட்டும் பார்த்து வைத்தியம் செய்ய முடியாது.

முதலில் ஒரு எச்சரிக்கை. உடம்பிலுள்ள பொட்டாசியத்தில் 98 சதவீதம் செல்களுக்குள்ளேதான் இருக்கிறது. ரத்தத்தில் ஓடுவது மிகச் சிறிய பங்கு. உள்ளே இவ்வளவு, வெளியே இவ்வளவு என்ற அந்த வித்தியாசத்தை நம்பித்தான் இதயம் துடிக்கிறது. வெளியே இருக்கும் அளவு கூடினால் இதயத்தின் தாளம் கெடும். ஈசிஜியில் டி அலை கூர்மையாக எழும், பிறகு க்யூஆர்எஸ் என்ற அலை அகலும், அதற்கப்புறம் இதயம் நின்றே போகலாம். ஈசிஜியில் மாற்றம் இருந்தாலோ, அளவு வேகமாக ஏறினாலோ, காரணத்தைத் தேடிக்கொண்டு உட்காரக் கூடாது. இதயத்தைக் காக்க கால்சியம் குளுக்கோனேட், பொட்டாசியத்தைச் செல்லுக்குள் அனுப்ப குளுக்கோஸோடு இன்சுலின், சால்பியூட்டமால் நெபுலைசேஷன் என்று மருத்துவமனையில் உடனே தொடங்கிவிடுவார்கள். அந்த அவசரத்திலும் ஒன்றை மறக்கக் கூடாது. ஹார்மோன் பரிசோதனைகளுக்கு ஒரு டியூப் ரத்தமும் கொஞ்சம் சிறுநீரும் எடுத்து வைத்துவிட வேண்டும். ஹார்மோன் குறை என்று சந்தேகித்து ஸ்டீராய்டு ஊசி போட்ட பிறகு எடுத்தால் விடை கலங்கிவிடும். அதற்காக ஊசியைத் தாமதிக்கவும் கூடாது. எடுக்க ஒரு நிமிடம் போதும்.

சரி, இனி நிதானமாகத் தேடலாம். முதல் கேள்வி: இந்த எண் உண்மையா?

கைக்குழந்தைகளிடம் ரத்தம் எடுப்பது எவ்வளவு சிரமம் என்று பெற்றோருக்குத் தெரியும். குதிகாலில் குத்திப் பிழிவார்கள், அல்லது கையை இறுகக் கட்டி, குழந்தை வீறிட்டு அழ அழ, மெல்லிய ஊசியில் இழுப்பார்கள். அப்போது சிவப்பணுக்கள் உடையும். அவற்றுக்குள் இருந்த பொட்டாசியம் டியூபில் கலக்கும். குழந்தையின் உடம்பில் 4.5 இருக்க, ரிப்போர்ட்டில் 6.5 வரும். ரிப்போர்ட்டின் ஓரத்தில் 'ஹீமோலைஸ்டு' என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். தட்டணுக்களோ வெள்ளணுக்களோ மிக அதிகமாக இருந்தாலும், ரத்தம் டியூபில் உறையும்போது பொட்டாசியம் கசிந்து இதே ஏமாற்று வேலை நடக்கும். அதனால் கட்டுப் போடாமல், தடையில்லாமல் ஓடும் ரத்தத்தை எடுத்து, காத்திருக்க விடாமல் உடனே பரிசோதிப்பதுதான் இரண்டாவது தடவைக்கான விதி.

இதிலேயே ஓர் அபூர்வ நோயும் ஒளிந்திருக்கிறது. சில குடும்பங்களில் சிவப்பணுவின் சவ்வு பிறவியிலேயே கசியும் தன்மை கொண்டது. உடம்புச் சூட்டில் ஒன்றும் ஆகாது. ரத்தம் டியூபுக்கு வந்து குளிர்ந்ததும் பொட்டாசியம் வெளியேறத் தொடங்கும். 1979இல் எடின்பரோவில் ஒரு குடும்பத்தில் இதை விவரித்து, குடும்பவழிப் போலி மிகைப் பொட்டாசியம் என்று பெயர் வைத்தார்கள். அந்தக் குழந்தைக்கு ஆபத்து எதுவும் இல்லை. ஆபத்து, தேவையில்லாத வைத்தியத்தால்தான். ரத்தத்தை எடுத்தவுடன் ஒரு பங்கைப் பரிசோதித்துவிட்டு, இன்னொரு பங்கைச் சில மணி நேரம் அறைச் சூட்டில் வைத்துப் பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

இன்னொன்று, வயது. ரிப்போர்ட்டில் அச்சாகும் 3.5 முதல் 5 வரை என்பது பெரும்பாலும் பெரியவர்களுக்கான வரம்பு. பிறந்த சில வாரங்களில் 6ஐ ஒட்டிய அளவுகூட இயல்பாக இருக்கலாம். கிரியேட்டினினில் இதே கோளாறு தலைகீழாக நடக்கும். ஒரு வயதுக் குழந்தைக்கு 0.9 என்று வந்தால் லேப் அதை நார்மல் என்றே அச்சிடும். ஆனால் அந்த வயதில் அது 0.2, 0.3 என்றுதான் இருக்க வேண்டும். 0.9 என்றால் சிறுநீரகம் பாதிக்கு மேல் செயலிழந்திருக்கிறது என்று பொருள். பொட்டாசியம் கூடிய குழந்தைகளில் இதைத் தவறவிடுவது பெரிய தவறு. ஆண் குழந்தை என்றால், சிறுநீர்ப் பாதையில் பிறவித் தடுப்பு வால்வு இருக்கிறதா என்று ஸ்கேனில் பார்த்தே ஆக வேண்டும்.

மருந்துகளையும் ஒருமுறை கேட்டுவிட வேண்டும். இதய நோய்க்குக் கொடுக்கும் ஸ்பைரோனோலாக்டோன், எனலாப்ரில், கோ-ட்ரைமாக்சசோல் சிரப்பில் இருக்கும் ட்ரைமெத்தோப்ரிம், உறுப்பு மாற்றத்துக்குப் பின் கொடுக்கும் டாக்ரோலிமஸ் எல்லாமே பொட்டாசியத்தை ஏற்றும். வீட்டில் சமையலுக்கு 'சோடியம் குறைந்த உப்பு' வாங்குகிறார்களா என்பதும் கேட்க வேண்டிய கேள்விதான். அதில் குறைத்த சோடியத்துக்குப் பதிலாகச் சேர்ப்பது பொட்டாசியம் குளோரைடு.

எண் உண்மை, சிறுநீரகம் நலம், மருந்து இல்லை. இதுவரை வந்துவிட்டால் அபூர்வக் காரணங்களின் பக்கம் திரும்பலாம். அதற்குச் சிறுநீரகத்துக்குள் ஒரே ஓர் இடத்தை மட்டும் புரிந்துகொண்டால் போதும்.

சிறுநீரகம் வடிகட்டிய திரவம் நீண்ட நுண்குழாய்கள் வழியாக ஓடுகிறது. வழியிலேயே பெரும்பகுதி உப்பும் பொட்டாசியமும் திரும்ப உறிஞ்சப்பட்டுவிடும். சிறுநீரில் எவ்வளவு பொட்டாசியம் போகும் என்று முடிவாவது குழாயின் கடைசிப் பகுதியில்தான். அங்கே ஒரு பண்டமாற்று நடக்கிறது. சோடியம் ஒரு வாசல் வழியாகச் செல்லுக்குள் நுழைகிறது. அது நுழைவதால் ஏற்படும் மின் இழுப்பில் பொட்டாசியம் இன்னொரு வாசல் வழியாக வெளியேறுகிறது. சோடியம் உள்ளே வந்தால்தான் பொட்டாசியம் வெளியே போகும். இந்த வாசல்களைத் திறந்து வைக்கச் சொல்லும் ஹார்மோன் அல்டோஸ்டிரோன். அது சிறுநீரகத்தின் தலைமேல் தொப்பி போல உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பியிலிருந்து வருகிறது. அட்ரினலைத் தூண்டிவிடுவது ரெனின். உடம்பில் உப்பும் நீரும் குறையும்போது ரெனின் கூடும், நிறைந்திருக்கும்போது குறையும்.

ஆக, பொட்டாசியம் வெளியேறாமல் நிற்க மூன்று வழிகள்தான் உண்டு. கூப்பிடுகிற குரலே இல்லாமல் இருக்கலாம். குரல் இருந்தும் காதில் விழாமல் இருக்கலாம். குரலும் காதும் சரியாக இருந்தும், பண்டமாற்றுக்குச் சோடியம் வந்து சேராமல் இருக்கலாம்.

குரல் இல்லாத நோய்களில் எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டியது பிறவி அட்ரினல் மிகை வளர்ச்சி. '21-ஹைட்ராக்சிலேஸ்' என்ற நொதி பிறவியிலேயே குறைவதால், அட்ரினலின் இன்னொரு ஹார்மோனான கார்டிசாலும் அல்டோஸ்டிரோனும் தேவையான அளவு உருவாவதில்லை. மூலப்பொருள் எல்லாம் ஆண் ஹார்மோன் பக்கம் திரும்பிவிடுகிறது. பெண் குழந்தை என்றால் பிறப்புறுப்பின் தோற்றம் மாறியிருக்கும், பிறந்த அன்றே சந்தேகம் வரும். ஆண் குழந்தை பார்க்க இயல்பாகவே இருப்பான். வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். இரண்டாவது, மூன்றாவது வாரத்தில் வாந்தி, பால் குடிக்காமை, எடை இறக்கம், பிறகு மயக்கம். வயிற்றுப்போக்கு என்றோ, இரைப்பை வாய் அடைப்பு என்றோ நினைத்து நேரம் போய்விடும். ரத்த உப்புகளைப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். இரைப்பை வாய் அடைப்பில் பொட்டாசியம் குறையும், ரத்தத்தில் காரம் கூடும். இந்த நோயில் சோடியம் இறங்கி, பொட்டாசியம் ஏறி, ரத்தம் அமிலமாகும். 17-ஹைட்ராக்சி புரோஜெஸ்டிரோன் என்ற பரிசோதனை நோயை உறுதிசெய்யும். கார்டிசாலுக்குப் பதிலாக ஹைட்ரோகார்டிசோன், அல்டோஸ்டிரோனுக்குப் பதிலாக ஃப்ளூட்ரோகார்டிசோன், கொஞ்சம் கூடுதல் உப்பு கொடுத்தால் குழந்தை மீண்டுவிடும், வளர்ந்து பள்ளிக்கும் போகும்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) ஐந்து நகரங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பச்சிளங்குழந்தைகளைப் பரிசோதித்தபோது, ஏறத்தாழ 5,700 பேரில் ஒருவருக்கு இந்த நோய் இருந்தது. சென்னையில் விகிதம் அதைவிட அதிகம். பெற்றோர் இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால்தான் இது வரும். அதனால் அக்காள் மகள், மாமன் மகள் என்று சொந்தத்தில் மணம் முடிக்கும் நம் பக்கத்துக் குடும்பங்களில் கூடுதல் கவனம் வேண்டும். இதில் யார்மேலும் குற்றம் சுமத்த ஒன்றுமில்லை. ஆனால் "மூத்த பையன் பிறந்து பதினைந்தாம் நாள் திடீரென்று தவறிவிட்டான்" என்று ஒரு தாய் சொன்னால் அதைக் காது கொடுத்துக் கேட்க வேண்டும். பல நேரங்களில் அந்த ஒரு வரியில்தான் நோயின் பெயர் இருக்கிறது.

கார்டிசால் சரியாக இருந்து அல்டோஸ்டிரோன் மட்டும் உருவாகாத நோயும் உண்டு. அது இன்னும் அபூர்வம். எடை ஏறாத, அடிக்கடி வாந்தி எடுக்கும் குழந்தை, ரெனின் உச்சத்தில், அல்டோஸ்டிரோன் தரையில். ஃப்ளூட்ரோகார்டிசோன் கொடுத்தால் தேறிவிடும். வயது ஏற ஏறத் தேவையும் குறையும்.

அடுத்தது காது கேளாத நோய்கள். இங்கே அல்டோஸ்டிரோனை அளந்தால் எக்கச்சக்கமாக இருக்கும். ரெனினும் அதிகம். ஹார்மோன் கத்திக்கொண்டே இருக்கிறது, சிறுநீரகம் கேட்கவில்லை. 1958இல் சீக், பெர்ரி என்ற இரு மருத்துவர்கள் இப்படி உப்பை இழந்துகொண்டே இருந்த கைக்குழந்தையைப் பற்றி எழுதினார்கள். பின்னாளில் இதற்குப் போலி ஹைப்போஅல்டோஸ்டிரோனிசம், முதல் வகை என்று பெயர் வந்தது. பெயர் நாக்கைச் சுளுக்கும். ஹார்மோன் இல்லாதது போலத் தோற்றம், ஆனால் ஹார்மோன் இருக்கிறது என்பதுதான் அதன் பொருள்.

இதிலும் இரண்டு உண்டு. ஒன்றில் சிறுநீரகத்தில் ஹார்மோனை ஏற்கும் ஏற்பி மட்டும் பாதி வேலை செய்கிறது. பெற்றோரில் ஒருவரிடமிருந்து வரும். உப்பைக் கூடுதலாகக் கொடுத்துக்கொண்டே வந்தால், சில வருடங்களில் பெரும்பாலும் சரியாகிவிடும். சில தந்தையருக்குத் தங்களுக்கும் சின்ன வயதில் இது இருந்தது என்றே தெரிந்திருக்காது. மற்றொன்றில் சோடியம் நுழையும் வாசலே பழுது. அந்த வாசல் சிறுநீரகத்தில் மட்டும் இல்லை. வியர்வைச் சுரப்பி, உமிழ்நீர்ச் சுரப்பி, நுரையீரல், குடல் எல்லாவற்றிலும் இருக்கிறது. ஆகவே வியர்வை கரிக்கும், கழுத்திலும் அக்குளிலும் வேர்க்குரு போலத் தடிப்பு வரும், சளி அடிக்கடி கட்டும். வியர்வைப் பரிசோதனையில் குளோரைடு கூடுவதால் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற வேறொரு பரம்பரை நுரையீரல் நோய் என்று தவறாக முத்திரை குத்திவிடுவதும் உண்டு. இந்தக் குழந்தைகளுக்குக் கிராம் கணக்கில் உப்பும், குடலிலேயே பொட்டாசியத்தைப் பிடித்து வெளியேற்றும் ரெசின் மருந்தும் தொடர்ந்து வேண்டும். வயதால் தீராது. ஃப்ளூட்ரோகார்டிசோன் இங்கே பெரிதாக உதவாது. காது கேளாதவரிடம் இன்னும் சத்தமாகப் பேசி என்ன பயன்?

ஆனால் இந்த அபூர்வப் பெயரைச் சொல்வதற்கு முன், சிறுநீரில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் கல்ச்சர் பரிசோதனை செய்தாயிற்றா என்று கேட்டே தீர வேண்டும். இதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஆறு மாதத்துக்குள் உள்ள குழந்தைக்கு, அதிலும் முதல் மூன்று மாதங்களில், சிறுநீர்த் தொற்று வந்தாலோ, சிறுநீர்ப் பாதையில் பிறவி அடைப்பு இருந்தாலோ, அந்த அழற்சியில் சிறுநீரகம் தற்காலிகமாக அல்டோஸ்டிரோனுக்குக் காது அடைத்துக்கொள்ளும். சோடியம் தாழ்ந்து, பொட்டாசியம் உயர்ந்து, அல்டோஸ்டிரோன் மலையாக ஏறி, பரம்பரை நோயைப் போலவே எல்லாம் இருக்கும். சரியான ஆண்டிபயாட்டிக்கும் சலைனும் கொடுத்தால் சில நாட்களில் அடங்கிவிடும். மரபணுப் பரிசோதனைக்குப் பல ஆயிரம் ரூபாய் செலவழித்து வாரக்கணக்கில் காத்திருக்கும் முன், ஒரு சிறுநீர் கல்ச்சரும் ஒரு ஸ்கேனும் எவ்வளவோ வேதனையை மிச்சப்படுத்தும்.

பிறந்த முதல் வாரத்தில் இன்னொரு வேஷக்காரன் உண்டு. சிறுநீரகம் உப்பை இழக்கும் பிறவி நோயான பார்ட்டர் நோய் என்றால் பொட்டாசியம் குறையும் என்றுதான் படிப்போம். அதன் ஒரு வகையில் பழுதாவது பொட்டாசியம் வெளியேறும் வாசல். அதனால் முதல் சில நாட்கள் பொட்டாசியம் ஏறி நிற்கும், பிறகு மற்ற வழிகள் முதிர்ந்ததும் இறங்கி, கடைசியில் குறைவாகவே தங்கிவிடும். தாய்க்குப் பனிக்குட நீர் மிக அதிகமாக இருந்து, குழந்தை குறைமாதத்தில் பிறந்திருந்தால் இதை நினைக்க வேண்டும்.

சரி, நம் ஒன்றரை வயதுக் குழந்தைக்கு வருவோம். சோடியம் 138, இயல்பு. வாந்தி இல்லை, நீர்ச்சத்துக் குறையவில்லை. சிறுநீர் கல்ச்சர் சுத்தம். உப்பை இழக்கும் நோய் எதுவும் இங்கே பொருந்தவில்லை. ரத்த வாயுப் பரிசோதனையில் பைகார்பனேட் 16, குளோரைடு 112, லேசான அமிலத்தன்மை. ரெனின் வருகிறது: மிகக் குறைவு.

ரெனின் குறைவு என்றால் உடம்பு "எனக்கு உப்பும் நீரும் தாராளமாக இருக்கிறது" என்கிறது. அப்படியானால் ரத்த அழுத்தம்? குறிப்பேட்டைப் புரட்டினால் அந்த இடம் காலி. சின்னக் குழந்தைக்கு பிபி பார்க்கும் வழக்கம் பல இடங்களில் இல்லை. சரியான அளவுப் பட்டை கையில் இருக்காது, குழந்தை அசையாமல் உட்காராது. காரணம் புரிகிறது. ஆனால் பொட்டாசியம் கூடிய குழந்தைக்கு பிபி பார்க்காமல் விட்டால், பாதித் தடயத்தைத் தொலைத்துவிட்டோம் என்றே சொல்வேன். உப்பை இழக்கும் நோய்களை எல்லாம் ஒரு பக்கமும், உப்பைத் தேக்கும் நோயை மறுபக்கமும் பிரித்துக் கொடுப்பது இந்தச் சின்னப் பட்டைதான்.

குழந்தை தூங்கும்போது, கைக்கு ஏற்ற பட்டை போட்டுப் பார்க்கிறார்கள். 118க்கு 74. பெரியவருக்கு இது அழகான எண். ஒன்றரை வயதுக்கு மிக அதிகம்.

மூன்றாவது வழி இதுதான், சோடியம் வந்து சேராத வழி. 1964இல் ஆஸ்திரேலியாவில், சிறுநீரகம் நன்றாக இருந்தும் பொட்டாசியமும் ரத்த அழுத்தமும் சேர்ந்து ஏறிய ஓர் இளைஞனைப் பற்றி எழுதினார்கள். 1970இல் அதே நாட்டில் கார்டனும் அவருடன் பணியாற்றியவர்களும் பத்து வயதுச் சிறுமி ஒருத்தியை விவரித்தார்கள். அவளுக்கு ரெனினும் அல்டோஸ்டிரோனும் அடங்கிக் கிடந்தன, சாப்பாட்டில் உப்பைக் குறைத்ததும் எல்லாம் நேராயின. கார்டன் நோய் என்ற பெயர் அப்படி வந்தது. காரணம் பல வருடங்களுக்குப் பிறகுதான் பிடிபட்டது. 2001இல் டபிள்யூஎன்கே குடும்பத்தைச் சேர்ந்த இரண்டு மரபணுக்களும், 2012இல் இன்னும் இரண்டும் கண்டுபிடிக்கப்பட்டன. நுண்குழாயில் பண்டமாற்று நடக்கும் இடத்துக்குச் சற்று முன்னால் சோடியத்தையும் குளோரைடையும் சேர்த்து உறிஞ்சும் ஒரு பம்பு இருக்கிறது. இந்த மரபணுக்கள் பழுதானால் அந்தப் பம்பு ஓய்வில்லாமல் ஓடும். வரும் சோடியத்தை எல்லாம் மேல்மடைக்காரன் அள்ளிக்கொண்டால் கடைமடைக்கு என்ன வரும்? கடைசிப் பகுதிக்குப் போதிய சோடியம் வருவதில்லை, மாற்றிக்கொள்ள ஆளில்லாமல் பொட்டாசியம் உள்ளேயே நின்றுவிடுகிறது. அள்ளிய உப்பு உடம்பில் தேங்கி அழுத்தத்தை ஏற்றுகிறது.

சிறு வயதில் பலருக்கு அழுத்தம் ஏறியிருக்காது. பொட்டாசியமும் அமிலத்தன்மையும் குட்டையான வளர்ச்சியும் மட்டுமே தெரியும். அழுத்தம் பின்னால் வரும். ஆகவே இன்று பிபி இயல்பு என்பதால் இந்த நோய் இல்லை என்று முடிவு கட்டிவிட முடியாது. ரெனின் குறைவாக இருந்தால் சந்தேகத்தை விடாமல் வைத்திருக்க வேண்டும்.

வைத்தியம் வியக்கும் அளவுக்கு எளியது. தயசைடு என்ற பழைய, மலிவான நீர்ப்போக்கு மாத்திரை சரியாக அந்தப் பம்பையே அடைக்கிறது. அதை எடை பார்த்துக் குறைந்த அளவில் தொடங்கி, உப்புகளைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டே போகிறார்கள். சாப்பாட்டில் உப்பைக் குறைக்கிறார்கள். நம் குழந்தைக்குப் பொட்டாசியம் 4.6க்கு வந்து, பைகார்பனேட் தேறி, அழுத்தமும் இறங்குகிறது. இதே குழந்தைக்குப் போலி ஹைப்போஅல்டோஸ்டிரோனிசம் என்று நினைத்து உப்பைக் கொட்டியிருந்தால் அழுத்தம் இன்னும் ஏறியிருக்கும். உப்பை இழக்கும் குழந்தைக்குத் தயசைடு கொடுத்திருந்தால் உயிருக்கே ஆபத்தாகியிருக்கும்.

இனி பெற்றோரிடம் கேட்க வேண்டியது பாக்கி. இந்த நோய் பெரும்பாலும் ஒரு பெற்றோரிடமிருந்து நேராக வருவது. தந்தைக்கு வயது முப்பது. இருபத்தாறிலேயே பிபி என்று சொல்லிவிட்டார்கள், தினமும் டெல்மிசார்டன் போடுகிறார். அவருடைய பொட்டாசியத்தை இதுவரை யாரும் பார்க்கவில்லை. டெல்மிசார்டன் பொட்டாசியத்தை ஏற்றக்கூடிய மாத்திரை. அடுத்த டியூப் ரத்தம் அவரிடம் எடுக்க வேண்டும், அதுவும் இன்றே.